கியர்ப் பெட்டியைத் திறக்குமுன்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் சாலையில், நகரத்தின் தென்புறத்தே இருப்பது முத்தையாபுரம். பெயரிலே முத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ உப்பு. கோடையில் அவ்வழியே செல்வோர் பரந்த பாத்திகளையும், அவற்றின் கரையிலே குவித்து வைத்த வெள்ளை அம்பாரங்களையும் கண்டு மகிழலாம். ஆனால் மோட்டார் வண்டி வைத்திருப்பவருக்கு அந்த மகிழ்ச்சி முழுமையாக வாய்ப்பதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம்மவர் பழமொழி. மனிதன் அதை மறந்தாலும் இரும்பு மறப்பதில்லை. உப்புக் காற்றை ஒருமுறை உண்ட இரும்பு, தன் ஆயுள் உள்ளளவும் அதை நினைத்து நினைத்துத் துருப்பிடித்துக் கொண்டே இருக்கும்.

இத்தகைய கடற்கரையில் முப்பது, நாற்பது வருஷத்து வண்டி ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பது சாமானியமான காரியம் அன்று. வைத்திருப்பவர்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. “எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கியர்தான் விழமாட்டேன் என்கிறது” என்பதே அது. உடனே, “கியர் பாக்ஸை இறக்கிவிட வேண்டியதுதான்” என்ற யோசனையும் எங்கிருந்தோ வந்து சேரும். அந்த யோசனைக்கு இணங்குமுன் வண்டிக்காரர் செய்யத்தக்க சில எளிய பரீக்ஷைகளை நேயர்களுக்கு எடுத்துச் சொல்வதே நமது நோக்கம். கியர் விழாத வண்டிகள் பலவற்றில் கியர்ப் பெட்டி நிரபராதி. குற்றம் பெட்டிக்கு வெளியே எங்கோ இருக்கும். தண்டனை மட்டும் பெட்டிக்குக் கிடைக்கும்.

நம் நாட்டு வண்டிகள்

இந்தத் தண்டனை ஏன் கொடியது என்பதை அறிய, நாம் பேசும் வண்டிகளின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் தூத்துக்குடியில்தான். அந்நிய ஆட்சி அதை நசுக்கிவிட்டது. எனினும் அந்த எண்ணம் மடியவில்லை. 1919-இல் ஸிந்தியா கப்பல் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான வால்சந்த் ஹீராசந்த், 1944-இல் பம்பாயில் பிரீமியர் மோட்டார் தொழிற்சாலைக்கும் அடிகோலினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1942-இல், பிர்லா குடும்பத்தார் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கியிருந்தார்கள். நம் சென்னைக்கருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் தொழிற்சாலை எழுந்தது.

அம்பாஸடர், பத்மினி, ஹெரால்டு என்று மூன்று பெயர்களைச் சொன்னால் அரை நூற்றாண்டின் இந்தியச் சாலைகள் கண்முன் வந்து நிற்கும். அம்பாஸடரின் மூல உருவம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. பத்மினியினுடையது இத்தாலியின் பியட் 1100. 1961-இல் சென்னையில் வெளிவரத் தொடங்கிய ஹெரால்டினுடையது இங்கிலாந்தின் டிரையம்ப். அச்சு அந்நியமானாலும் வார்த்துக் கடைந்து பூட்டியவை இந்நாட்டுக் கைகள். ஹெரால்டு நெடுநாளைக்கு முன்பே நின்றது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பத்மினியும், 2014 மே மாதத்தில் அம்பாஸடரும் நின்றன. ஆதலால் இவற்றின் கியர்ப் பெட்டிக்குரிய பல்சக்கரம் ஒன்று உடைந்தால், பழைய இரும்புக் கடைகளிலே தவம் கிடக்க வேண்டியிருக்கிறது. அவசியமின்றித் திறந்த பெட்டி, திறந்தபடியே பட்டறை மூலையில் வருஷக்கணக்கில் கிடப்பதும் உண்டு. அத்துடன் ஒரு வண்டியின் கதை முடிந்துவிடுகிறது.

காலும் கையும் செய்யும் வேலை

எஞ்சின் ஒரு வேகத்தில் சுழல்கிறது. சக்கரங்கள் வேறொரு வேகத்தில் சுழல்கின்றன. இரண்டையும் பொருத்தி வைக்கும் தரகர்தான் கியர்ப் பெட்டி. ஏற்றத்தில் வலு வேண்டும். சமதரையில் வேகம் வேண்டும். அதற்குத் தக்கபடி சிறிதும் பெரிதுமான பல்சக்கரங்கள் பெட்டியினுள் எண்ணெயிலே மூழ்கிச் சுழலுகின்றன. ஒரு ஜோடியை விட்டு மற்றொரு ஜோடிக்கு மாறும் அந்தக் கணத்தில் எஞ்சினின் பலம் பெட்டிக்கு வரக்கூடாது. அதைத் தடுத்து வைப்பது கிளட்ச். எஞ்சினின் கனத்த பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கிறது. காலால் பெடலை மிதித்தால் பிடி தளர்ந்து பிளேட் தனித்து நிற்கும். காலை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பற்களைக் கோக்கப் பார்த்தால் கரகரவென்று சத்தமிடும். ஆதி நாட்களில் ஓட்டுநர்கள் காதையே கருவியாகக் கொண்டு வேகத்தைச் சமப்படுத்தினார்கள். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் வண்டியில் ‘சிங்க்ரோமெஷ்’ என்ற ஏற்பாடு வந்தது. பற்கள் கோக்குமுன் பித்தளை போன்ற உலோக வளையம் ஒன்று உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். நாம் சொன்ன பழைய வண்டிகளில் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கே இந்த வசதி உண்டு. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கிடையாது. ஓடும் வண்டியில் முதல் கியரைப் போட்டால் சத்தம் வருவது வண்டியின் பிறவிக் குணமேயன்றி நோயன்று. இதை அறியாமல் வைத்தியம் பார்த்தவர்கள் பலர்.

முதல் பரீக்ஷை: எஞ்சினை நிறுத்திவிட்டு

சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்துவிடுங்கள். கிளட்சை மிதித்துக்கொண்டு எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் சில சமயம் தட்டும். வண்டியை ஒரு சாண் அசைத்துவிட்டு மறுபடி போட்டால் விழுந்துவிடும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எஞ்சின் அணைந்திருக்கும்போதும் கியர் கடினமாகவே விழுந்தால் கிளட்சின்மீது பழி சொல்வதற்கில்லை. கியர்க்கோலிலிருந்து பெட்டிவரை செல்லும் வழியில் தடை இருக்கிறது. பழைய அம்பாஸடரிலும் பத்மினியிலும் கியர்க்கோல் ஸ்டீரிங் சக்கரத்துக்குக் கீழே இருக்கிறது, பெட்டியோ தரையடியில். கையின் அசைவு, ஸ்டீரிங் தண்டோடு இறங்கி, சிறு லீவர்களையும் ராடுகளையும் கடந்து பெட்டியை அடைய வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ் அல்லது முளை தேய்கிறது. ஒவ்வொன்றும் நெல்லளவு தேய்ந்தாலும், பெட்டிக்குப் போய்ச் சேரும்போது அசைவில் விரற்கடை குறைந்துவிடுகிறது. அப்போது கியர் பாதி விழும், அல்லது ஒன்றிலிருந்து மீளாமல் சிக்கிக்கொள்ளும். நடுச்சாலையில் டிரைவர் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் தூக்கி, ஸ்டீரிங் தண்டின் அடியிலுள்ள லீவரைக் கையால் தள்ளி விடுவிக்கும் காட்சியை நேயர்கள் கண்டிருப்பார்கள். அது பெட்டியின் கோளாறு அன்று. புதுப் புஷ்களும், துருவைச் சுரண்டிக் கொஞ்சம் கிரீஸும், ராடுகளின் நீளத்தைச் சரிபார்ப்பதுமே அதற்குரிய சிகிச்சை. உதவிக்கு ஒருவரைக் கியர்க்கோலை அசைக்கச் சொல்லி, நீங்கள் பானெட்டுக்குள் பார்த்தால், எந்த மூட்டில் அசைவு வீணாகிறதென்பது கண்ணுக்கே தெரியும்.

இரண்டாம் பரீக்ஷை: எஞ்சின் ஓடும்போது

அணைந்த எஞ்சினில் எளிதாக விழுந்த கியர், ஓடும் எஞ்சினில் விழ மறுத்தால், கிளட்ச் முழுவதும் விடவில்லை என்று கொள்க. இதை உறுதிப்படுத்த ரிவர்ஸ் கியரே சிறந்த சாட்சி. அதற்குச் சிங்க்ரோமெஷ் உதவி இல்லையாதலால் பொய் சொல்லாது. எஞ்சின் மெதுவாக ஓட, நியூட்ரலில் கிளட்சை முழுவதும் மிதித்து, மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸைப் போடுங்கள். பெட்டியினுள் சுழற்சி அதற்குள் ஓய்ந்திருக்க வேண்டும். அப்போதும் கரகரத்தால், கிளட்ச் பிளேட்டை எஞ்சின் இன்னும் இழுத்துச் சுற்றுகிறது என்பது வெளிப்படை.

அடுத்து, பெடலை இரண்டு மூன்று தடவை மிதித்து எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். இப்போது சாதுவாக விழுந்தால், எண்ணெயால் இயங்கும் கிளட்சில் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ ரப்பர் தேய்ந்து கசிகிறது. ஹெரால்டில் கிளட்ச் இவ்விதம் எண்ணெயால் இயங்குவதே. கம்பியாலோ கோலாலோ இயங்கும் வண்டியாயின், நீளத்தைத் திருத்தும் மரையும் மூட்டுகளும் பார்க்கத்தக்கவை. பெடல் கீழிறங்கத் தொடங்கியதும் இருக்கவேண்டிய சிறு தளர்ச்சியின் அளவு வண்டியின் கைப்புத்தகத்தில் இருக்கும். தளர்ச்சி மிகுந்தால் கிளட்ச் விடாது. அறவே இல்லாவிட்டால் சரியாகப் பிடிக்காது, பிளேட்டும் விரைவில் தேயும்.

முத்தையாபுரத்தில் ஒரு வீட்டு அம்பாஸடருக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். முதல் நாள்வரை ஒழுங்காக ஓடிய வண்டி, மறுநாள் ரிவர்ஸில் அலறத் தொடங்கியது. “அண்ணாச்சி, பெட்டியை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்” என்று ஒருவர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரும் பணத்துக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார். தற்செயலாக வந்த ஒரு முதிய டிரைவர் உள்ளே உட்கார்ந்து பெடலை ஒருமுறை மிதித்தார், குனிந்து பார்த்தார். “அண்ணாச்சி, இந்த மிதியடி எப்போ வாங்கினீங்க?” என்று கேட்டார். காலடியில் கனத்த தேங்காய் நார் மிதியடி புதிதாக விரித்திருந்தது. பெடல் தரைவரை இறங்காமல் அதன்மேல் முட்டி நின்றது. மிதியடியை எடுத்தெறிந்ததும் ரிவர்ஸ் வாய் திறக்காமல் விழுந்தது. பிறகு அவர் விடவில்லை. கிளட்சின் தளர்ச்சியையும் அளந்து திருத்தினார். ஏற்கெனவே தளர்ந்திருந்த பெடலுக்கு மிதியடி ஒரு சாக்குத்தானே!

மூன்றாம் பரீக்ஷை: காதுக்கு வேலை

கிளட்ச் நன்றாக விடுகிறது. ஆனால் ஒரே ஒரு கியரில் மட்டும், பெரும்பாலும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது, சத்தம் வருகிறது என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கக் கூடும். பழைய காலத்து இரட்டை மிதிப்பைச் செய்து பாருங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது தட்டி, மறுபடி மிதித்து இரண்டாம் கியரைப் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் நமது ஊகம் சரி. இந்த நோயோடு இரட்டை மிதிப்பைக் கைக்கொண்டு பல வருஷம் ஓட்டலாம்; உடனே பெட்டியைப் பிளக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் எண்ணெயைப் பாருங்கள். அளவு குறைந்தாலும், பின்னச்சுக்குரிய கடுமையான எண்ணெயைத் தவறிப் பெட்டியில் ஊற்றினாலும் பித்தளை வளையம் தன் வேலையைச் செய்யாது. கைப்புத்தகம் சொல்லும் எண்ணெயே நன்று.

இனி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுச் செவிமடுங்கள். கிளட்சை மிதித்ததும் சத்தம் பிறந்தால் குற்றவாளி ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் அடங்கினால் பெட்டியின் முன் தண்டைத் தாங்கும் பேரிங்கையோ அதனோடு சுழலும் துணைத் தண்டையோ சந்தேகிக்கலாம். ஓடும்போது எல்லாக் கியரிலும் முனகி, நான்காம் கியரில் மட்டும் அமைதியானால் துணைத் தண்டின் பக்கம் கவனிக்க வேண்டும். நான்காம் கியரில் பலம் அதன் வழியாகச் செல்வதில்லை. இவை உண்மையாகவே பெட்டிக்குள்ளிருக்கும் நோய்கள். இவற்றுக்கு இறக்கித்தான் ஆகவேண்டும். முனகலைப் பொறுத்துக்கொண்டே ஓட்டினால், உடைந்த பேரிங்கின் துணுக்குகள் நல்ல பற்களையும் தின்றுவிடும்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவது ஆபத்தான குறி. இறக்கத்தில் எஞ்சினின் தடை போய்விட்டால் பிரேக் ஒன்றே கதி. அப்போதும் வெளியிலிருந்தே தொடங்குக. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்து பெட்டி ஆடுகிறதா? ராடுகள் கியரை முழுவதும் தள்ளுகின்றனவா? இவை சரியாயிருந்தும் கழன்றால், உள்ளே கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும், அல்லது பற்களின் விளிம்பும் தேய்ந்திருக்கும். கையால் கோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது வைத்தியமன்று. உள்ளிருக்கும் கவையையும் சேர்த்துத் தேய்ப்பதே அதன் பலன்.

உப்பும் வெள்ளமும்

கடற்கரைக்கே உரிய நோய்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு தானே நீர்த்துப்போவதைப் போல, கிளட்சிலும் பிரேக்கிலும் உள்ள பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக் குடிக்கும். அந்த நீர் சிலிண்டரின் உட்சுவரைத் துருவாக்கும்; துருவின் முனை ரப்பரைக் கிழிக்கும். ஆதலால் கசிவைக் காணும்வரை காத்திராமல், இரண்டு வருஷத்துக்கொரு முறையேனும் பழைய ஆயிலை வடித்துப் புதிது நிரப்புவது இங்கே லாபம். வெளியிலுள்ள ராடுகளுக்கு நல்ல தண்ணீர்க் குளிப்பும் கிரீஸும் அடிக்கடி வேண்டும்.

மற்றொன்று, நின்றுபோன வண்டியின் நோய். பல மாதம் ஓடாத வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் இறங்கும், கியர் மட்டும் அசையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஜில்லாவில் பெய்த மழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடியைச் சுற்றிலும் வீதிகளும் உப்பளங்களும் ஒன்றாகிக் கடல்போல் கிடந்தன. அவ்விதம் இடுப்பளவு நீரில் நின்ற வண்டியை உடனே கிளப்புவது பெருந்தவறு. கியர்ப் பெட்டியின் காற்றுத் துவாரத்தின் வழியே நீர் புகுந்திருக்கும். அடித் திருகைச் சற்றே கழற்றினால் உண்மை தெரியும். எண்ணெய் பாலும் டிகாக்ஷனும் கலந்தாற்போல் இருந்தால் முழுவதும் வடித்துப் புதிது ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். வெள்ளம் வடிந்த வாரத்தில் செய்யும் இந்தச் சிறு செலவு ஒரு பெட்டியையே காப்பாற்றும். ஆறு மாதம் கழித்துச் செய்வதில் பயனில்லை. பேரிங்குகள் அதற்குள் குழிவிழுந்திருக்கும்.

பட்டறையில் பேசும் முறை

இந்தக் கரையில் முன்பு முத்துக் குளிப்பு நடந்த காலத்தில், தோணிகளைக் கடலில் விடுமுன் பார்களிலிருந்து சிறிதளவு சிப்பியை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, முத்தின் மதிப்பைக் கணித்த பிறகே குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வார்கள். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு அக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் அந்த முறை மோட்டார் பட்டறைக்கும் பொருந்தும். சிறிதைக் கொண்டு பெரிதை அறிந்த பின்பே பெரிதில் கை வைக்கவேண்டும்.

ஆகவே பட்டறைக்குச் செல்லும் நேயர்கள், “கியர் சரியில்லை” என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். எந்தக் கியர், ஏறும்போதா, இறங்கும்போதா, எஞ்சின் குளிர்ந்திருக்கையிலா, சூடேறிய பிறகா, அணைந்த எஞ்சினில் விழுகிறதா, பெடலை இருமுறை மிதித்தால் மாறுகிறதா என்ற ஐந்துக்கும் விடை வைத்துக்கொண்டு செல்லுங்கள். நல்ல மேஸ்திரி அதைக் கேட்டு மகிழ்வார். பாதி வேலை முடிந்ததென்பார். கேளாமலே ஸ்பானரை எடுப்பவரிடம், “முதலில் வெளியே பார்த்துவிடலாம்” என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்வதற்கு வண்டிக்காரருக்கு உரிமை உண்டு.

அப்படிக் கேட்கத் தெரிந்த மேஸ்திரிமார் இன்று மூத்துவிட்டார்கள். புதிய வண்டிகளில் பல கோளாறுகளைப் பெட்டி போன்ற கருவி ஒன்றைச் செருகித் திரையில் படித்துவிடுகிறார்கள். பழைய வண்டிக்குச் செருக இடமில்லை. அதற்குக் கருவி காலும் கையும் காதுமே. அந்த வித்தையைப் புத்தகத்தில் பாதிதான் படிக்கலாம். மீதியை ஒருவர் பக்கத்திலிருந்து மற்றொருவர் கற்கவேண்டும். வீட்டில் பழைய வண்டி ஒன்று இருக்குமானால், அடுத்த முறை அதைப் பழுது பார்க்கும்போது பிள்ளைகளையும் பெண்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பரீக்ஷையை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். தொழிற்சாலைகள் கைவிட்டுவிட்ட நம் வண்டிகளுக்கு இனி அவர்களே துணை.